யார் கையும் படாத மணி

முதுகு இல்லை, முதுகுக்கும் கீழே, மனுஷனுக்கு வால் இருந்திருந்தால் எந்த இடத்தில் முளைத்திருக்குமோ அந்த இடத்தில்தான் இந்த வலி, காலையில் லாரியிலிருந்து இறக்கிய பலகைக் கல் ஒவ்வொன்றும் அங்கே ஒரு ஆணி அடித்துவிட்டுப் போயிருக்கிறது, குனிந்தால் சுருக்கென்கிறது, நிமிர்ந்தால் இன்னும் சுருக்கென்கிறது, ஆகவே ஏணியின் மூன்றாம் படியில் பாதி குனிந்தும் பாதி நிமிர்ந்தும் நின்றபடி ஒயரு அந்த மணிப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினான்... பசி வேறு. கல்லறுக்கும் மெஷின் நின்றுவிட்டது, கொட்டகையில் டப்பா மூடிகள் திறக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கிறது, யாரோ ஊறுகாய் கேட்கிறார்கள், யாரோ தரமாட்டேன் என்கிறார்கள், அவன் டப்பா பைக்குள்ளேயே கிடக்கிறது. கிடக்கட்டும். சோறு எங்கே போகும், நேரம்தான் போகும். இந்தச் சாப்பாட்டு வேளை முடிவதற்குள் இந்தப் பெட்டி ஏன் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும், முடியாவிட்டால் மணியடிக்கிற சுத்தியல் மறுபடியும் டிக்டிக் கைக்குப் போய்விடும், போனால் அது திரும்பி வராது.

டிக்டிக் என்றால் சூப்பர்வைசர். பட்டறையில் கடிகாரம் கட்டிக்கொள்ள அனுமதி உள்ள ஒரே கை அவருடையது, மற்றவர்களின் போனெல்லாம் காலையிலேயே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மரப்பெட்டிக்குள் போய்விடும், கல்சேற்றில் விழுந்து கெட்டுப்போகுமாம், என்ன கரிசனம்... பதினெட்டுப் பேருக்கும் நேரம் என்பது அவர் மணிக்கட்டில் இருந்ததுதான். தொங்குகிற தண்டவாளத் துண்டில் அவர் ஒரு தடவை அடித்தால் சோறு, மறுபடி அடித்தால் வேலை, சாயங்காலம் அடித்தால் வீடு. அரை மணி நேரச் சாப்பாடு என்று பேர்தான், கடைசிக் கவளம் தொண்டையில் இறங்குமுன்னே டங்கென்று விழும். கல்லைத் தேய்த்துக் கழுவுகிற பெரியக்கா ஒருநாள் போனை மடியில் ஒளித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டாள், ஏழு நிமிஷத்தைக் காணோம். அவள் நேராக முதலாளி கார் முன்னால் போய் நின்றாள், "ஏழு நிமிஷம் உங்களுக்கு ஒண்ணுமில்ல முதலாளி, எங்களுக்கு அது முதுகு சாய்க்கிற நேரம்" என்றாள். முதலாளி கண்ணாடியை முழுதாக இறக்காமலே, "அப்போ யார் கையும் படாத மணி ஒண்ணு நீங்களே வச்சுக்கோங்க, ஒரு வாரம் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னது கிண்டலாகத்தான் இருக்கும். ஆனால் பதினெட்டுப் பேரும் திரும்பி ஒயருவைப் பார்த்தார்கள், ஏன் பார்க்கமாட்டார்கள், தெருவில் யார் வீட்டு ஃபேன் நின்றாலும் போய் நோண்டுகிறவன், நாலு போன் சார்ஜரைப் பிரித்து ஐந்தாவதைச் செய்கிறவன், அதனால்தானே சொந்தப் பேர் போய் ஒயரு என்றானது. அப்படி அவன் செய்து மாட்டியதுதான் இந்தப் பெட்டி.

பெட்டியைக் கொண்டுவந்து பாதி அறுத்த கல்லின்மேல் வைத்தான். கல் சூடாக இருந்தது. உள்ளே ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மூளைப் போர்டு ஒன்று, கடிகாரப் போர்டு ஒன்று, ஹார்னுக்குக் கரண்டை விடுகிற ரிலே ஒன்று, நேரம் காட்ட விரல் அகலத்தில் ஒரு திரை. மூளைப் போர்டுக்குத் தானாக நேரம் தெரியாது, ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் அன்றைக்குத்தான் பிறந்த பிள்ளை மாதிரி முழிக்கும், பக்கத்தில் இருக்கும் கடிகாரப் போர்டைப் பார்த்து மணி என்ன என்று கேட்டுக்கொள்ளும். கடிகாரப் போர்டு அப்படி இல்லை, அதன் முதுகில் ஒரு பட்டன் செல் உட்கார்ந்திருக்கிறது, கரண்ட் போனாலும் அந்தச் செல்லைச் சப்பிக்கொண்டு இருட்டிலேயே எண்ணிக்கொண்டிருக்கும், வருஷக்கணக்கில் எண்ணும் என்றுதான் போனில் பார்த்த வீடியோவில் சொன்னான். வருஷக்கணக்கு வேண்டாமப்பா, இரண்டு நாள் எண்ணியிருந்தால் போதாதா... நேற்றுச் சாயங்காலம் கரண்ட் போய் வந்தது, அதற்கப்புறம் வீட்டுக்குப் போகிற மணி நேரத்துக்கு அடிக்கவே இல்லை, இருட்டிய பிறகு முக்கால் மணி நேரம் பிந்தித்தான் அடித்தது, கரண்ட் இல்லாத நேரத்தை டிக்டிக் ஏதோ திருகி ஈடுகட்டிவிட்டார் என்று எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். இன்று காலை மறுபடி கரண்ட் போனது, வந்தது, வெயில் இன்னும் தலைக்கே ஏறவில்லை, வீட்டுக்குப் போகிற மணி அலறியது. பாதிப் பேர் கைகழுவப் போய்விட்டார்கள். ஒருத்தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் கிளம்பறேன் சார், மணி சொல்லிடுச்சு, மணி சொன்னா மறுபேச்சு கெடையாது" என்று கும்பிட்டான். எல்லாரும் சிரித்தார்கள், டிக்டிக்கும் சிரித்தார், அவர் சிரிப்பது நல்லதற்கில்லை.

"இதான் உங்க யார் கையும் படாத மணியா? எனக்கு ஒரு கைதான், உங்க மணிக்கு எத்தன கையோ. சாப்பாட்டு நேரம் முடியறப்ப இது சரியா அடிக்கணும் ஒயரு. அடிக்கலன்னா பெட்டிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பிள்ளைக்கு விளையாடக் குடு."

அப்போதுதான் அவன் அதைச் செய்தான். பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, மூஞ்சி எரிய, வாய் என்ன சொல்கிறது என்று காதுக்கே தெரிவதற்கு முன், பொண்டாட்டியின் தம்பியைப் பார்த்துத் திரும்பினான். "எல்லாம் இவன் வாங்கின செல்லு! சொன்னேன்ல, நல்ல கடையில வாங்குடான்னு? எங்கயோ தள்ளுவண்டியில கெடந்த செத்த செல்ல வாங்கிட்டு வந்து தலையில கட்டிட்டான். உன்ன நம்பி ஒரு சாமான ஒப்படைக்க முடியுமாடா?" மச்சினன் கையிலிருந்த கயிற்றை ஒழுங்காகச் சுற்றி ஆணியில் மாட்டினான். பிறகு, "கடையிலதான் மாமா வாங்கினேன்" என்றான், அவ்வளவு மெதுவாக, அது பதிலா இல்லை தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா என்று தெரியாத மாதிரி. இப்போது கொட்டகையில் அவனைக் காணோம். எங்கே போனான், சாப்பிடாமல் எங்கே போனான்... கோபித்துக்கொண்டு போயிருப்பான், போகட்டும், பசித்தால் வருவான். ராத்திரி அக்காவிடம் போய்ச் சொல்லுவான், அவள் தட்டை நங்கென்று வைப்பாள், வைக்கட்டும்.

செல்லை நிமிண்டி எடுத்தான், மீட்டரின் இரண்டு முள்ளையும் வைத்துப் பிடித்தான். மூன்று வோல்ட்டுக்கும் மேலே காட்டியது. புதுச் செல் எவ்வளவு காட்டவேண்டுமோ அவ்வளவு. அப்படியென்றால் மீட்டர் கோளாறு... என்றுதான் முதலில் தோன்றியது, என்ன மனசு இது, போன வாரம்தான் இந்த மீட்டரை வைத்து டிக்டிக்கின் மோட்டாரையே சரிபார்த்துக் கொடுத்தான், அன்றைக்கு நல்ல மீட்டர், இன்றைக்குக் கெட்ட மீட்டரா. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முள்ளை மாற்றி வைத்துப் பார்த்தான், சட்டையில் துடைத்து வைத்துப் பார்த்தான், அதே மூன்று. செல்லைப் பிடித்திருந்த இடது கையில் மோதிர விரலுக்கு நுனி இல்லை. அந்த இடம் இருக்கிற வரைக்கும் மச்சினனை மறக்க முடியாது, கல்யாணமான புதுசு, அக்கா புருஷனோடு வேலைக்குப் போகிறேன் என்று ஆசையாக வந்து சேர்ந்தவன், இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பலகையைத் தூக்கி நடந்தார்கள், அவன் கை வழுக்கியது, அவ்வளவுதான், நகமும் சதையும் கல்லுக்கடியில். யார் கைதான் வழுக்காது, ஈரக் கல். ஆஸ்பத்திரியில் அவன்தான் அழுதான், இவன் அழவில்லை. "பரவால்லடா" என்று இவனேதான் சொன்னான். சொன்னது வாய். அதற்கப்புறம் வீட்டில் டம்ளர் உடைந்தாலும், சைக்கிள் பஞ்சரானாலும், உள்ளுக்குள் ஒரு குரல் முதலில் கேட்பது, அவன் எங்கே நின்றான் என்பதுதான்... சரி, அதை ஏன் இப்போது நினைக்கவேண்டும், நேரம் ஓடுகிறது, கொட்டகையில் கைகழுவும் சத்தம் கூட ஆரம்பித்தாயிற்று.

செல் நல்ல செல். சரி. அப்புறம் எது? சாலிடர் வைத்தபோது எங்கேயாவது சூடு கூடிப்போய்ப் போர்டு வெந்திருக்குமா? இந்தச் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, ஏற்றினால் உப்பும் என்று வீடியோவில் சொன்னதைக் கேட்டு, சார்ஜ் போகிற வழியில் இருந்த எள்ளளவு சாமானைத் தானே நெம்பி எடுத்தான், எடுத்தபோது பக்கத்தில் இருந்த எதையாவது சுட்டுவிட்டானா... கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. செல்லைத் திரும்பப் போட்டுப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தான். திரை வெளிச்சமானது, நாலரை மணி என்றது. நடுப்பகலில் நாலரை. பிளக்கைப் பிடுங்கினான், மூச்சை இரண்டு தடவை இழுத்து விட்டான், திரும்பச் செருகினான். நாலரை. மறுபடி பிடுங்கி, இந்தத் தடவை வேண்டுமென்றே தாமதித்து, குடத்திலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து செருகினான். நாலரை, நொடி முள் இருந்தால் அதுவும் அதே இடத்தில்தான் நின்றிருக்கும். செத்த செல்லாக இருந்தால் கடிகாரம் ஆதி வருஷத்தின் முதல் நாளுக்கு அல்லவா போய் நிற்கவேண்டும், நடு ராத்திரிப் பூஜ்ஜியத்திலிருந்து அல்லவா எண்ணவேண்டும்? இது எங்கேயும் போய்த் தொலையவில்லை, யாரோ கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்ட மாதிரி அதே நாலரைக்குத் திரும்பித் திரும்பி வருகிறது. எந்த நாலரை? இத்தனை நாளும் மணியை மட்டும்தான் பார்த்தான், அதன் கீழே பொடி எழுத்தில் தேதி இருந்ததை யார் பார்த்தார்கள். இப்போது பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிறு. பட்டறையில் யாரும் இல்லை, அவனும் மச்சினனும்தான், மச்சினன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். போனிலிருந்து வயரை மாட்டி ப்ரோக்ராமை ஏற்றினான், அதில் முதல் வரியாக, இப்போது மணி இது, இதிலிருந்து எண்ணு என்று கடிகாரத்துக்குச் சொல்கிற வரி. அந்த வரி ஒரே ஒரு தடவைக்குத்தான். வீடியோவில் அவன் விரலை ஆட்டிச் சொன்னானே, முதல் தடவை ஏத்துங்க, நேரம் பதிஞ்சதும் அந்த வரிய எடுத்துட்டு ரெண்டாவது தடவை ஏத்துங்க, மறந்துடாதீங்க, எல்லாரும் இங்கதான் மறப்பாங்க... முதல் தடவை ஏற்றினான். சரியாக இருக்கிறதா என்று ஹார்னை ஒரு தடவை அலறவிட்டுப் பார்த்தான். அந்தச் சத்தத்தில் பட்டறை வாசலில் போய்க்கொண்டிருந்த பெரியக்கா உள்ளே ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், மச்சினன் ஏணியை விட்டுவிட்டுக் கைதட்டினான், "மாமா, நீ இஞ்சினீரு மாமா!" என்று கத்தினான், எல்லாரும் தட்டினார்கள், ஒயருவுக்கு ஜன்மத்தில் அதற்குமுன் யாரும் கைதட்டியதில்லை. கைதட்டலோடு இறங்கினவன்தான். இரண்டாவது தடவை ஏற்றவேயில்லை. கடிகாரம் பாவம் ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறது, கரண்ட் இல்லாத இருட்டிலும் மச்சினன் வாங்கிய செல்லை வைத்துக்கொண்டு ஒரு நொடி பிசகாமல் எண்ணியிருக்கிறது, கரண்ட் வந்ததும் மூளைப் போர்டு முழித்து, அதனிடம் மணி கேட்பதற்குப் பதிலாக, நீ எண்ணியதெல்லாம் தப்பு, இன்றைக்கு ஞாயிறு, மணி நாலரை என்று அதன் வாயை அடைத்திருக்கிறது. அவன் எழுதின வரி. அவன் கையால் எழுதின வரி. நேற்று முக்கால் மணி நேரம் பிந்தியதும் அதனால்தான், இன்று சூரியன் உச்சிக்கு ஏறுமுன்னே வீட்டுக்குப் போ என்று கத்தியதும் அதனால்தான்.

சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாம் போலிருந்தது, இடுப்பு விடவில்லை. கேட்டுக்கு ஓடி மரப்பெட்டியிலிருந்து போனை எடுத்தான், வாட்ச்மேன் ஏதோ கேட்டான், "உசுரு போற விஷயம்ணே" என்றான், விரிசல் விட்ட திரையில் ப்ரோக்ராமைத் திறந்தான். முதலில் அந்த வரி இருக்கட்டும், ஞாயிறை மாற்றி இன்றைய நேரம் பதியவேண்டுமே. ஏற்றினான். பச்சைப் பட்டை நத்தை மாதிரி நகர்ந்தது... ஏறி முடிவதற்குள் சில நொடி பிந்தும், பரவாயில்லை, அதை முதலாளிக்குத் தானம் பண்ணியாயிற்று. திரையில் இன்றைய தேதி, இந்த நேரம். இப்போது அந்த வரியை எடு. எடுத்தான், அழிக்க மட்டும் இல்லை, அந்த இடத்தில் வேறொரு வரி வைத்தான், கடிகாரமே எனக்கு ஒன்றும் நினைவில்லை என்று சொன்னால் மட்டும் ஹார்னை ஊமையாக்கு, இல்லாவிட்டால் அது சொல்வதைக் கேள். முதல் நாளே எழுதியிருக்கவேண்டிய வரி. கேட்டிருக்கவேண்டும், அதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். இரண்டாவது தடவை ஏற்றினான். கைதட்ட யாரும் இல்லை, நல்லது.

"என்னப்பா, பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் ரெடியா?" டிக்டிக் பல்குச்சியோடு வந்து நின்றார். சுத்தியலையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பின்னாலேயே பெரியக்கா, முந்தானையில் கைதுடைத்துக்கொண்டு, அவள் பின்னால் மற்றவர்கள்.

"நீங்களே புடுங்கிப் பாருங்க சார்."

டிக்டிக் பிளக்கைப் பிடுங்கினார். திரை அணைந்தது. தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், நிறைய நேரம் நின்றார், வேண்டுமென்றே நின்றார். செருகினார். திரை முழித்தது. டிக்டிக் தன் மணிக்கட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி மணிக்கட்டைப் பார்த்தார். "ம்" என்றார். "கரண்ட் இல்லாதப்பவும் ஓடுதா?"

"ஓடுது சார். நேத்தும் ஓடிச்சு, நான்தான் தடுத்துட்டேன்."

"நேத்துன்னதும் ஞாபகம் வருது சார்," பெரியக்கா குறுக்கே விழுந்தாள், "இன்னிக்கு மணி முந்தினதும் இவ்வளவு குதிச்சீங்களே, நேத்து முக்கால் மணி நேரம் பிந்தினப்ப உங்க கைல கட்டியிருந்தது என்ன, வளையலா?"

சிரிப்பு வெடித்தது. டிக்டிக்கின் காது சிவந்தது. அவர் சுத்தியலைக் கொண்டுபோய்த் தண்டவாளத்தின்மேல் சாத்திவைத்தார், கையில் வைத்துக்கொள்ளவில்லை, சாத்திவைத்தார், அதைப் பதினெட்டு ஜோடிக் கண்ணும் பார்த்தது. "வாரம் முடியட்டும், முதலாளி வரட்டும், பேசலாம்" என்றார். "பேசத்தான் போறோம்" என்றாள் பெரியக்கா. பதினெட்டா... எண்ணும்போதே இடித்தது, பதினேழுதான், ஒரு ஜோடி குறைகிறது.

பெட்டியைச் சுவரில் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டுப் பக்கத்திலிருந்து சைக்கிள் சத்தம். மச்சினன். வெயிலில் முகம் கன்றி, சட்டை முதுகோடு ஒட்டி, செயின் கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடிவந்தான், வந்தவன் மூச்சு வாங்கமுடியாமல் உள்ளங்கையை மட்டும் நீட்டினான். அதில் அட்டையோடு ஒரு புது பட்டன் செல், அட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "பெரிய ரோட்டுக் கடை மாமா... பில்லோட... இது செத்திருக்காது. நேரம் இருக்கா? போட்டுடலாமா?" கோபித்துக்கொண்டு போனவன் என்றல்லவா... பசித்தால் வருவான் என்றல்லவா... இவன் டப்பாவும் பைக்குள்தான் கிடக்கிறது, இவனும் தின்னவில்லை. ஒயரு ஏணியில் நின்றபடி அந்தச் செல்லை வாங்கினான், நுனியில்லாத விரல் அந்த உள்ளங்கையில் பட்டது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் அதே ஞாயிறு, அதே நாலரை... அந்த ஈரக் கல், அந்த வழுக்கல், அதற்கப்புறம் இந்தப் பையன் தூக்கின கல் எத்தனை, பிடித்த ஏணி எத்தனை, அதையெல்லாம் யார் எண்ணினார்கள். அவன் எண்ணியிருப்பான், இருட்டிலேயே எண்ணியிருப்பான். சொல்லிவிடவேண்டும், இப்போதே, எல்லாரும் இருக்கும்போதே, செல்லில் ஒரு குறையும் இல்லைடா, தப்பு... வாயைத் திறந்தான்.

தலைக்கு மேலே ஹார்ன் அலறியது. யாரும் தொடவில்லை, யாரும் அடிக்கவில்லை, டிக்டிக் தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார், முழு அரை மணி நேரம், ஒரு கவளம்கூட யாருக்கும் குறையவில்லை. பெரியக்கா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். மச்சினன் வாயெல்லாம் பல்லாக, "அடிக்குது மாமா! அடிக்குது! அப்போ பழைய செல்லு..." என்று ஏதோ கேட்டான், அதற்குள் கல்லறுக்கும் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் பீய்ச்சியது, அந்த இரைச்சலில் ஒயரு சொன்னது ஒயருவின் காதிலேயே விழவில்லை. மச்சினன் சைகையால் என்ன என்று கேட்டான், பிறகு சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் கையசைத்து, காதில் துணியைக் கட்டிக்கொண்டு, பலகையின் அந்த முனைக்குப் போய்க் குனிந்து காத்துநின்றான். ஒயரு இறங்கிப் போய் இந்த முனையைப் பிடித்தான். இடுப்பு சுருக்கென்றது. சாயங்கால மணி சரியான நேரத்துக்கு அடிக்கும், அதில் சந்தேகம் இல்லை, மெஷின் நிற்கும், பதினெட்டுப் பேரும் கைகழுவக் குழாயடியில் நிற்பார்கள், காலையில் மச்சினனைத் திட்டினபோது நின்ற அதே பதினெட்டுப் பேர். அப்போது வாய் வருமா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான், மச்சினனுக்கு மன்னிப்பு பாக்கி, இன்றைய செல்லுக்கு ஒன்று, விரல் போன நாளிலிருந்து உள்ளே வைத்திருந்த கோபத்துக்கு ஒன்று, ஆக இரண்டு.